கருவியின் குற்றமா? கையின் குற்றமா?

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னர் நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தீர்மானம் நம் கண்ணை நிறுத்தியது. மாங்காய்ப் புட்டாவுக்காகக் குத்தப்பட்ட 108 அட்டைகள் பயனற்றுப் போயின. அவற்றைக் கொண்டு நெய்த இரண்டு சேலைகள் விலை குறைத்தே விற்க வேண்டியனவாயின. ஆதலால் அந்நஷ்டம் முழுவதையும், சங்கத்தின் கணிப்பொறியில் வடிவம் தீட்டும் பெண்ணின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்வது என்பதே அத்தீர்மானம்.

அப்பெண் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் மகள். அவரை அழைத்து விசாரித்தோம். "ஐயா, நான் தீட்டிய மாங்காயின் மூக்கு கூர்மையாகத்தான் இருந்தது. அட்டையில் அது எப்படி மழுங்கியது என்று எனக்கே விளங்கவில்லை" என்றார். காரியதரிசியோ, "கணிப்பொறியில் பழுது இல்லை ஐயா. நேற்று வரை ஒழுங்காகத்தானே வேலை செய்தது? பிள்ளைதான் கவனக்குறைவாக இருந்துவிட்டது" என்றார். இருவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆயினும் அட்டைகள் வீணானதும் உண்மை. இம்மூன்று உண்மைகளும் எவ்வாறு ஒருங்கே இருக்க முடியும் என்பதை ஆராய்ந்தபோது நாம் கற்றுக்கொண்டவற்றை, கணிப்பொறி வைத்திருக்கும் பிற சங்கங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கட்டமும் கொக்கியும்

பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய பெட்டியின் தத்துவம் நம் நெசவாளர்களுக்குப் புதிதன்று. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி ஏறும். துளை இல்லாத இடத்தில் ஏறாது. பாதி ஏறுவது என்பது அங்கே கிடையாது. கட்டத்தாளில் வடிவம் போட்ட நம் முன்னோரும் ஒரு கட்டத்தை நிரப்பினர், அல்லது வெறுமையாக விட்டனர்.

கணிப்பொறியில் தோன்றும் படமும் கட்டங்களால் ஆனதே. மிகவும் பெரிதாக்கிப் பார்த்தால் அக்கட்டங்கள் வெளிப்படையாகத் தெரியும். எனினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நாம் பயன்படுத்தும் படக் கருவிகள் நெசவுக்காகப் பிறந்தவை அல்ல. 1990-இல் வெளிவந்த போட்டோஷாப், நோல் என்ற குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர் உருவாக்கியது. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப், 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கியது. இரண்டும் புகைப்படங்களைத் திருத்துவதற்கே முதன்மையாக அமைந்தவை. புகைப்படத்தில் முகத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அழகாக இராது. வண்ணம் சிறிது சிறிதாக மங்கி அடுத்த வண்ணத்தில் கலக்க வேண்டும். ஆதலால் இக்கருவிகளின் தூரிகை, கோட்டின் ஓரத்தில் முழு வண்ணம், முக்கால் வண்ணம், அரை வண்ணம், கால் வண்ணம் என்று இடைநிறங்களைத் தானாகவே இட்டு விளிம்பை மழுப்பிவிடுகிறது.

கண்ணுக்கு அது அழகு. ஜக்கார்டுப் பெட்டிக்கோ அது விளங்காத மொழி. அரை வண்ணத்துக்குக் கொக்கி ஏறுவதா, வேண்டாமா? அட்டை குத்துமிடத்தில் அந்த இடைநிறங்களை ஏதோ ஒரு பக்கம் சேர்த்தே ஆக வேண்டும். அங்ஙனம் சேர்க்கும்போதுதான் மாங்காயின் மூக்கு மழுங்குகிறது. கொடியின் மெல்லிய கோடு நடுவில் அறுகிறது.

ஆகவே நெசவு வடிவம் தீட்டுவோர் 'பிரஷ்' என்னும் தூரிகையை விடுத்து, 'பென்சில்' என்னும் கருவியையே கையாள வேண்டும். அது விளிம்பை மழுப்புவதில்லை. அப்பெண் இதனை நன்கு அறிந்திருந்தார், பென்சிலால்தான் தீட்டியிருந்தார். பிறகு பிழை எங்கிருந்து வந்தது?

கருவியின் நினைவு

அவர் செய்ததையெல்லாம் நம் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை செய்துகாட்டச் சொன்னோம். பல புட்டாக்கள் அடங்கிய பெரிய படத்திலிருந்து மாங்காயை மட்டும் வெட்டும் கருவியால் தனியே எடுத்தார். அதன் அளவு 84 கட்ட அகலமும் 108 கட்ட உயரமும் இருக்க வேண்டும். ஆனால் வெட்டிய படத்தின் அளவோ 413-க்கு 531 என்று காட்டியது. "சில நாளாக இப்படித்தான் பெரிதாகிவிடுகிறது ஐயா. நான் மறுபடியும் 84, 108 என்று எண்ணைப் போட்டுச் சரிசெய்துகொள்வேன்" என்றார்.

முடிச்சு அங்கேதான் இருந்தது. வெட்டும் கருவியின் மேற்பட்டையை நோக்கினோம். அதில் 3.5 சென்டிமீட்டர், 4.5 சென்டிமீட்டர், அங்குலத்துக்கு 300 கட்டம் என்ற எண்கள் நின்றிருந்தன. இவை கடவுச்சீட்டுப் புகைப்படத்தின் அளவுகள். அடையாள அட்டைகளுக்காக அங்கத்தினர்களின் புகைப்படங்களை வெட்டுவதற்குச் சங்கத்து எழுத்தர் ஒரு நாள் இதே கணிப்பொறியைப் பயன்படுத்தியிருக்கிறார். வேலை முடிந்ததும் அவர் எழுந்து போய்விட்டார். அவர் இட்ட எண்கள் போகவில்லை. அடுத்து வந்தவர் எதனை வெட்டினாலும் அதனைக் கருவி அந்த அளவுக்கே நீட்டியது. நீட்டும்போது இல்லாத கட்டங்களைத் தானே கற்பித்துக்கொண்டு இடைநிறங்களால் நிரப்பியது. பின்னர் அப்பெண் அதனைச் சுருக்கியபோது மறுமுறையும் நிறங்கள் கலந்தன. 84-க்கு 108 என்ற விகிதமும் 3.5-க்கு 4.5 என்ற விகிதமும் தற்செயலாக ஒன்றாகவே அமைந்துவிட்டபடியால் மாங்காயின் உருவம் கோணவில்லை; ஆகவே ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. மூன்றே வண்ணங்கள் இருக்க வேண்டிய அப்படத்தில் 143 வண்ணங்கள் இருந்ததை எண்ணிக் கண்டோம்.

ஒருவர் இறங்கிய தறியில் மற்றொருவர் ஏறும்போது, பாவின் இழை எத்தனை, மேலே மாட்டியிருக்கும் அட்டை எது என்று பாராமல் எவரேனும் நாடாவைத் தள்ளுவாரா? படக் கருவியும் அத்தகையதே. தன்னிடம் கடைசியாகச் சொன்னதை அது மறப்பதில்லை. அதன் கோணல்கள் என்று நாம் கருதுபவற்றுள் பெரும்பாலானவை, முன்னர் எவரோ இட்ட கட்டளையை அது இன்னும் உண்மையாக நிறைவேற்றிக்கொண்டிருப்பதே ஆகும்.

அடிக்கடி நேரும் தொல்லைகள்

இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் ஏனைய தொல்லைகளின் காரணங்களும் எளிதில் புலப்படும்.

தூரிகையோ பென்சிலோ எவ்வளவு இழுத்தாலும் வண்ணம் ஏறவில்லை என்பது முதல் புகார். படத்தின் ஏதோ ஒரு சிறு பகுதி தேர்வு செய்யப்பட்ட நிலையில் இருந்தால், அதற்கு வெளியே கருவி வேலை செய்யாது. தேர்வைக் காட்டும் ஓடும் புள்ளிக் கோடு மறைக்கப்பட்டிருக்கவும் கூடும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் விசையுடன் 'டி' விசையை அழுத்தினால் தேர்வு நீங்கும். கிம்ப்பில் கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் 'ஏ' விசையை அழுத்த வேண்டும். அப்போதும் ஏறவில்லையாயின், 'லேயர்' எனப்படும் படல்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றவை இப்படல்கள். நாம் நிற்பது வேறு படலாக இருக்கலாம். அல்லது அப்படலுக்குப் பூட்டு இடப்பட்டிருக்கலாம். கிம்ப்பில் மற்றொரு காரணமும் உண்டு. படல் படத்தைவிடச் சிறியதாக இருந்தால், அதன் எல்லைக்கு வெளியே வண்ணம் ஏறாது. 'லேயர் டு இமேஜ் சைஸ்' என்ற கட்டளை அவ்வெல்லையைப் படத்தின் அளவுக்கு விரிக்கும்.

தூரிகையின் வட்டம் மறைந்து கூட்டல் குறி போன்ற ஒன்று தோன்றுகிறது என்பது இரண்டாவது. போட்டோஷாப்பில் 'கேப்ஸ் லாக்' விசை தற்செயலாக அழுந்தினால் இவ்வாறு ஆகும். அதனை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் வட்டம் திரும்பும். இதற்காகக் கணிப்பொறியைப் பழுதுபார்க்க அனுப்பிய சங்கமும் உண்டு.

வண்ணம் ஏறுகிறது, ஆனால் வெளிறி ஏறுகிறது என்பது மூன்றாவது. போட்டோஷாப்பில் தூரிகை கையில் இருக்கும்போது எண் விசை ஒன்றில் விரல் பட்டால், வண்ணத்தின் அடர்த்தி மாறிவிடும். 5 என்ற விசை அதனைப் பாதியாக்கும். 0 என்ற விசை முழு அடர்த்தியை மீட்டுத் தரும். தீட்டுவதெல்லாம் மங்கிய சிவப்புத் திரையாகத் தோன்றினால் 'க்யூ' விசை அழுந்தி, மறைப்புத் திரை வரையும் நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். அதே விசையை மறுபடி அழுத்தினால் பழைய நிலை வரும்.

வாளிக் கருவியால் ஓரிடத்தில் வண்ணம் ஊற்றினால் வேறிடத்திலும் பரவுகிறது, அல்லது விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கிறது என்பது நான்காவது. அக்கருவியின் பட்டையில் 'டாலரன்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு வேறுபட்ட நிறம் வரையில் பரவலாம் என்பதற்கு அதுவே அளவு. போட்டோஷாப் அதனை 32 என்று வைத்திருக்கும். நெசவு வடிவத்தில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே தெளிவாக இருப்பதால் அதனை 0 என்று வைப்பதே தகும். 'ஆன்டி அலியாஸ்' என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட வேண்டும். விளிம்பை மழுப்புவது அதுவே. 'கன்டிக்யூஅஸ்' என்ற பெட்டியில் குறி இருந்தால் வண்ணம் தொடர்ச்சியான இடத்தில் மட்டும் பரவும். குறி இல்லாவிட்டால் படம் முழுவதிலும் உள்ள அதே நிறத்தை மாற்றிவிடும்.

ஐந்தாவது, அளவு மாற்றும்போது நேரும் கேடு. படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ நேர்ந்தால், கட்டளைப் பெட்டியில் 'நியரஸ்ட் நெய்பர்' என்ற முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கிம்ப்பில் இதற்கு 'நன்' என்று பெயர். இம்முறை புதிய நிறங்களைக் கற்பிக்காது. ஆயினும் சிறிதாக்கும்போது மெல்லிய கோடுகள் விடுபடக்கூடும். ஆகவே பின்னர் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத் திருத்துதல் அவசியம்.

ஆறாவது, சேமிக்கும் முறை. 'ஜேபெக்' என்ற வகையில் சேமித்தால், இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் படம் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கப்படுகிறது. அதில் நுணுக்கம் சிதைந்து பொய்நிறங்கள் புகுகின்றன. 'பிஎன்ஜி', 'பிஎம்பி', 'டிஃப்' ஆகிய வகைகளில் அக்கேடு இன்றிச் சேமிக்கலாம். வாட்ஸப் வழியே அனுப்புவோர் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புதல் வேண்டும். புகைப்படமாக அனுப்பினால் அது வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும்.

கண்ணின் மயக்கம்

கருவி சரியாக இருந்தும் கண் ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு.

திரையில் படத்தை 33 அல்லது 67 விழுக்காடு என்ற அளவில் பார்க்கும்போது, இல்லாத கோடுகளும் அலைகளும் தோன்றக்கூடும். 100 விழுக்காட்டில், அல்லது 200, 400 என்ற முழு மடங்குகளில் பார்த்த பின்னரே ஒன்றைப் பிழை என்று தீர்மானிக்க வேண்டும்.

மற்றொன்று வட்டத்தின் விவகாரம். ஒரு கட்டத்துக்கு ஒரு பாவு இழையும் ஓர் ஊடு இழையும் என்ற எளிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். துணியில் அங்குலத்துக்குப் பாவு 80 இழை, ஊடு 60 இழை என்றிருந்தால், 4 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்கு அகலத்தில் 320 கட்டமும் உயரத்தில் 240 கட்டமும் வேண்டும். திரையில் அது படுத்த முட்டை போலத் தோன்றும். "கோணலாக இருக்கிறதே" என்று எவரேனும் அதனை 320-க்கு 320 என்று திருத்திவிட்டால் திரையில் அழகிய வட்டம் கிடைக்கும். துணியிலோ 4 அங்குல அகலமும் சுமார் 5.3 அங்குல உயரமும் கொண்ட நீண்ட முட்டை கிடைக்கும். திரையில் கோணியிருப்பதே தறியில் நேராக வரும். போட்டோஷாப்பில் 'பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற அமைப்பில் இந்த விகிதத்தைக் கொடுத்துவிட்டால், கட்டங்களின் எண்ணிக்கை மாறாமல் துணியில் வரப்போகும் உருவத்தையே திரையில் காணலாம்.

விளைபொருள் சங்கங்களுக்கு

நெசவாளர்க்கு மட்டுமன்றி, மஞ்சள் பொடிக்கும் கடலை எண்ணெய்க்கும் சீட்டு அச்சிடும் விளைவோர் சங்கங்களுக்கும் சில சொற்கள் கூறுதல் பொருந்தும்.

திரையில் கண்ட பச்சை சீட்டில் வரவில்லை என்று அச்சகத்தாரோடு வழக்கிடும் சங்கங்களைக் கண்டிருக்கிறோம். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுவது. அச்சகமோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் அச்சிடுவது. ஒளியால் காட்டக்கூடிய பளிச்சென்ற பச்சையும் நீலமும் சாதாரண மையால் எட்ட முடியாதவை. போட்டோஷாப்பில் கண்ட்ரோல் விசையுடன் 'ஒய்' விசையை அழுத்தினால், மையில் எவ்வாறு வரும் என்பதை ஏறத்தாழக் காட்டும். வழக்கிடுவதற்கு முன் பார்க்க வேண்டியது அதுவே. அது அழுந்தியிருப்பதை மறந்து, "நிறமெல்லாம் மங்கிவிட்டது" என்று அஞ்சுவோரும் உண்டு. மறுபடி அழுத்தினால் திரையின் நிறம் திரும்பும்.

அடுத்தது தமிழ் எழுத்து. சீட்டில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறி நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். யூனிகோடு முறையில் தட்டிய தமிழை, இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத அமைப்பில் இட்டால் இவ்வாறு நேரும். போட்டோஷாப்பில் பத்தி அமைப்புக்குரிய பட்டியலில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதனைத் தேர்ந்தால் எழுத்துகள் ஒழுங்காகக் கூடும். சீட்டை அச்சுக்கு அனுப்புமுன், படித்தவர் ஒருவர் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நன்று. பத்தாயிரம் சீட்டு அச்சான பிறகு கொம்பைத் தேடுவதில் பயனில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டுவது

பிழை தோன்றினால் பார்க்க வேண்டிய வரிசையைச் சுருக்கிக் கூறுகிறோம். முதலில் தேர்வை நீக்குக. இரண்டாவது, எந்தப் படலில் நிற்கிறோம் என்று பார்க்க. மூன்றாவது, கருவியின் மேற்பட்டையில் உள்ள எண்களையும் குறிகளையும் ஒவ்வொன்றாகப் படிக்க. நான்காவது, அக்கருவியைப் பழைய நிலைக்கு மீட்க. போட்டோஷாப்பில் மேற்பட்டையின் இடக்கோடியில் உள்ள கருவியின் சின்னத்தின்மேல் வலப் பொத்தானை அழுத்தினால் 'ரீசெட் டூல்' என்று வரும். கிம்ப்பில் கருவி அமைப்புகளின் அடியில் அதற்கெனப் பொத்தான் உண்டு. இவை நான்கும் பயன்படாதபோதே ஐந்தாவதற்குச் செல்ல வேண்டும். போட்டோஷாப்பைத் திறக்கும் அக்கணத்தில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எல்லா அமைப்புகளையும் அழித்துவிடலாமா என்று கேட்கும். நாமாகச் செய்து வைத்த அமைப்புகளும் இதனால் போய்விடும் என்பதை மறத்தலாகாது.

வெட்டும் கருவியைப் பொறுத்தவரை, மேற்பட்டையில் உள்ள 'கிளியர்' என்ற பொத்தானை அழுத்தி எண்களை நீக்கிய பின்னரே வெட்டத் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, அட்டை குத்துவதற்கு முன் வண்ணங்களை எண்ணிப் பார்த்தல். படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, போட்டோஷாப்பில் 'இன்டெக்ஸ்டு கலர்' என்ற வகைக்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்து, 'எக்ஸாக்ட்' என்பதனைத் தேர்ந்தால் படத்தில் உள்ள வண்ணங்களின் எண்ணிக்கை தெரியும். மூன்று வண்ணம் தீட்டியிருந்தால் மூன்று என்றே வர வேண்டும். 256-க்கு மேற்பட்டிருந்தால் 'எக்ஸாக்ட்' என்பதே கிடைக்காது. எண் மிகுந்திருந்தால் அட்டைக்கு அனுப்பலாகாது. ஒரு நிமிஷ வேலை. 108 அட்டைகளைக் காப்பாற்றியிருக்கும்.

நாம் கண்டவற்றை நிர்வாகக் குழுவின் முன் வைத்தோம். எழுத்தர் தம் வேலையைச் செய்தார். அப்பெண் தம் வேலையைச் செய்தார். கருவியும் தனக்குச் சொன்னதைச் செய்தது. ஒருவர் கைவிட்ட இடத்துக்கும் மற்றவர் கைதொட்ட இடத்துக்கும் இடையே பார்ப்பார் இல்லாமல் போனதே குற்றம். அது சங்கத்தின் ஏற்பாட்டில் உள்ள குற்றமாகையால் நஷ்டத்தையும் சங்கமே ஏற்பது முறை என்று தெரிவித்தோம். தலைவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அரிசி குறைந்தால் அளந்தவளைக் கேட்குமுன் படியைப் பார்க்க வேண்டும், நாங்கள் பார்க்கவில்லை" என்றார். குழு கூடிப் பழைய தீர்மானத்தை ரத்துச் செய்தது. கணிப்பொறியின் அருகில் ஒரு குறிப்புப் புத்தகம் வைப்பதென்றும், அமர்ந்தவர், செய்த வேலை, மாற்றிய அமைப்பு ஆகியவற்றை அதில் எழுதுவதென்றும், வண்ண எண்ணிக்கையைக் குறித்துக் காரியதரிசி கையொப்பமிட்ட பின்னரே படத்தை அட்டைக்கு அனுப்புவதென்றும் புதிய தீர்மானம் நிறைவேறியது.

நாம் விடைபெறும்போது அப்பெண் அதே மாங்காயைப் பெரிய படத்திலிருந்து புதிதாக வெட்டி, வண்ணங்களை எண்ணிக் காட்டினார். மூன்று என்று வந்தது. குறிப்புப் புத்தகத்தின் முதல் வரி அதுவே. கணிப்பொறி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் இத்தகைய புத்தகம் ஒன்றை இம்மாதமே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.